மாவுச் சாக்கில் எழுதிய வரலாறு

படத்தின் நடுவில் ஒருவன் தரையில் குப்புறக் கிடக்கிறான். அவன்மீது நீர்யானைத் தோலால் செய்த சாட்டை ஓங்கப்பட்டிருக்கிறது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டையிட்ட உடையில் மற்றக் கைதிகள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் சிறைக்கூடம், அதன்மேல் பெல்ஜியக் கொடி. வெள்ளைச் சீருடை அணிந்த ஐரோப்பிய அதிகாரி வாயில் புகைக்குழாயுடன் நின்று பார்க்கிறார். சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் ஓரமாக நின்று அழுகிறார்கள். சாட்டையைப் பிடித்திருப்பவன் ஆப்பிரிக்கச் சிப்பாய்.

'கொலோனி பெல்ஜ்', அதாவது பெல்ஜிய ஆட்சிக் காலம் என்ற பெயரில் வரையப்பட்ட ஓவிய வகை இது. ஒரே ஓவியர் ஒருமுறை வரைந்த படமல்ல. காங்கோவின் தென்கிழக்கில் உள்ள சுரங்க நகரமான லுபும்பாஷியில் பல ஓவியர்கள், சிறுசிறு மாறுதல்களோடு, மீண்டும் மீண்டும் வரைந்து விற்றார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்தப் படங்கள் சம்பளம் வாங்கும் எளிய குடும்பங்களின் முன்னறைகளில் தொங்கின. அப்போது பெல்ஜிய ஆட்சி முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சொந்த மக்களைச் சவுக்கால் அடிக்கும் காட்சியைக் காசு கொடுத்து வாங்கி, விருந்தினர் உட்காரும் இடத்தில் மாட்டிவைக்க அந்தக் குடும்பங்களுக்கு என்ன தேவை இருந்தது?

பழைய துன்பத்தை மறக்காமல் இருக்க என்பது உடனே தோன்றும் விடை. அது தவறில்லை, ஆனால் போதாது. இந்த ஓவியங்கள் கடந்த காலத்தைக் காட்டி நிகழ்காலத்தைப் பேசின என்பதே இக்கட்டுரையின் வாதம். வெளிப்படையாகப் பேச முடியாத ஓர் ஆட்சியின்கீழ், சுவரில் மாட்டிய படமும் அதைச் சுற்றி நடந்த பேச்சும் சேர்ந்துதான் அரசியல் விமர்சனமாயின. பேச்சைப் பிரித்துவிட்டுப் படத்தை மட்டும் அருங்காட்சியகச் சுவருக்குக் கொண்டுபோனால் மிஞ்சுவது பாதிதான். சமகால ஆப்பிரிக்க ஓவியத்தின் சமூக, அரசியல் குரலைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இந்தப் பாதியைக் கொண்டே முழுமையை எடைபோடுகிறார்கள்.

லுபும்பாஷியின் பழைய பெயர் எலிசபெத்வில். யூனியன் மினியேர் என்ற செப்புச் சுரங்க நிறுவனத்தால் வளர்ந்த நகரம் அது. தொழிலாளியின் வீடு, மருத்துவம், பள்ளி எல்லாம் நிறுவனத்தின் பிடியில் இருந்தன. 1946இல் பியேர் ரொமேன் தெஃபோசே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே 'ஹேங்கர்' என்ற ஓவியப் பட்டறையைத் தொடங்கினார். பிலிபிலி முலொங்கோய், பேலா சாரா, ம்வென்சே கிபுவாங்கா ஆகியோர் அங்கே உருவானார்கள். பறவைகள், மீன்கள், பாம்புகள், வேட்டைக் காட்சிகள் என அவர்கள் வரைந்த படங்கள் வண்ணத்திலும் வடிவத்திலும் அழகானவை. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அந்த அழகுக்குள் சிறைக்கூடத்துக்கும் சாட்டைக்கும் இடமில்லை. பட்டறை தொடங்குவதற்கு ஐந்தே ஆண்டுகளுக்கு முன், 1941 டிசம்பரில், அதே நகரின் விளையாட்டு அரங்கில் கூடிய யூனியன் மினியேர் வேலைநிறுத்தக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தச் சாவுகள் ஓவியத்துக்குள் வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அதற்கு முதலில் வாங்குபவர் மாற வேண்டியிருந்தது. 1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றது. ஐரோப்பியர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். நிறுவன எழுத்தர், ரயில்வே ஊழியர், ஆசிரியர், சுரங்கத் தொழிலாளி ஆகியோரின் வீட்டுச் சுவர்களே ஓவியர்களின் புதிய சந்தை. ஓவியர்கள் மாவுச் சாக்கைப் பிரித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பூச்சு கொடுத்துத் துணித்திரை ஆக்கினார்கள். படங்களைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய் விற்றார்கள். விலை குறைவு, வரையும் வேகம் அதிகம், கேட்கப்படும் பொருள்கள் சிலவே. ஊரின் பழைய வாழ்க்கை ஒன்று. மாமி வாட்டா என்ற நீர்மோகினி இன்னொன்று: வெளிர்நிற உடல், நீண்ட கூந்தல், கைக்கடிகாரம், நகைகள்; செல்வத்தை அள்ளித் தருவாள், விலையாக உறவினரின் உயிரைக் கேட்பாள். மூன்றாவது, கொலோனி பெல்ஜ்.

மாமி வாட்டாவைப் பேய்க்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1965இல் ஆட்சியைப் பிடித்த மொபுட்டுவின் நாட்டில் ஒருவன் திடீரென்று பணக்காரனானால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய இழப்பில் வந்தது என்று எல்லோரும் யோசித்தார்கள். சத்தமாகக் கேட்டவர் குறைவு. மோகினி அந்தக் கேள்வியைச் சுவரில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

சாட்டைப் படத்தில் அரசியல் இன்னும் கூர்மையாக இருக்கிறது. படத்தில் கட்டளையிடுபவர் வெள்ளையர், அடிப்பவர் கறுப்பர். விடுதலைக்குப் பிறகு முதலாமவர் போய்விட்டார். சீருடை அணிந்த இரண்டாமவர் போகவில்லை. பெல்ஜியர்கள் உருவாக்கிய படையான ஃபோர்ஸ் புப்ளிக்கில் பணிபுரிந்த ஒருவரே இப்போது நாட்டுத் தலைவர். சோதனைச் சாவடியில் நிறுத்துவதும் பணம் பறிப்பதும் அந்தப் படையின் வாரிசுகளே. இதையெல்லாம் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும் ஒரு தொழிலாளிக்குத் தலைப்பில் இருக்கும் 'பெல்ஜிய' என்ற அடைமொழி ஒரு பாதுகாப்புக் கவசம். யாராவது கேட்டால் அது அந்தக் காலத்துக் கதை. கேட்காதபோது அது நேற்று மாலை தெருவில் நடந்த கதை.

இந்த வாசிப்புக்கு முன்னோடி உண்டு. லுபும்பாஷியில் ஜாயிர் (அன்று காங்கோவின் பெயர்) தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் யோஹானஸ் ஃபேபியனும் இலோனா சோம்பாட்டி-ஃபேபியனும் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஓவிய வகைகளை ஒரு சமூகத்தின் வரலாற்றுச் சிந்தனையாக வாசித்தார்கள். பிறகு 1996இல் ஃபேபியன் வெளியிட்ட நூலின் தலைப்பே நிகழ்காலத்தை நினைவுகூர்தல் என்று பொருள்படும். அந்த நூலின் நாயகர் சிபும்பா காண்டா மதுலு.

சிபும்பா 1947இல் எலிசபெத்வில்லில் பிறந்தவர். மற்றவர்களைப் போலவே வீடுவீடாகப் படம் விற்றவர்தான். அப்படித்தான் 1973இல் ஃபேபியனின் வீட்டுக்கும் வந்தார். ஆனால் பிற ஓவியர்களிடம் இல்லாத ஒரு திட்டம் அவர் மனத்தில் இருந்தது: நாட்டின் வரலாறு முழுவதையும், தொடக்கத்திலிருந்து, படங்களாக எழுத வேண்டும். தன்னை ஓவியர் என்பதோடு வரலாற்றாசிரியர் என்றும் அவர் கருதினார். 1973, 74 ஆண்டுகளில் சுமார் நூறு படங்கள் வரைந்து, சில சில படங்களாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு முறையும் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியின் சுவாஹிலியில் அவற்றின் கதையைச் சொன்னார். அந்தப் பேச்சு ஒலிநாடாவில் பதிவானது.

அந்தத் தொடரின் வீச்சு வியக்கவைப்பது. பழைய அரசுகளில் தொடங்குகிறது. காங்கோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தியோகோ காவ் வருகிறார். 1891இல் கொல்லப்பட்ட கரேங்கான்சே அரசர் ம்சிரி வருகிறார். பெல்ஜிய ஆட்சி சிறையிலடைத்த சமயத் தலைவர் சிமோன் கிம்பாங்கு வருகிறார். 1941இன் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் வருகின்றன. விடுதலை, லுபும்பாஷி அடங்கிய கட்டாங்கா மாகாணத்தின் பிரிவினை, உள்நாட்டுப் போர், மொபுட்டுவின் ஆட்சி என்று நகர்ந்து, நிகழ்காலத்தில் நின்றுவிடாமல் எதிர்காலத்தையும் வரைந்து முடிகிறது. பள்ளிப் பாடம், செய்தித்தாள் நிழற்படம், வானொலி, ஊர்ப் பேச்சு, தன் கற்பனை எல்லாம் அவருக்குச் சான்றுகள். தொழில்முறை வரலாற்றாசிரியர் சுட்டிக்காட்டக்கூடிய பிழைகள் அதில் உண்டு. எந்த நிகழ்ச்சியை அடுத்து எந்த நிகழ்ச்சியை வைக்கிறார், யாரைப் பெரிதாக வரைகிறார், எங்கே பார்வையாளரைப் பார்க்கும்படி ஓர் உருவத்தைத் திருப்புகிறார் என்பதில்தான் அவருடைய வாதம் இருக்கிறது. பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர் அந்த வாதத்தைத் தவறவிடுவார்.

தொடரின் இதயம் பத்ரிஸ் லுமும்பா. நாட்டின் முதல் பிரதமரான அவர், மொரீஸ் ம்போலோ, ஜோசப் ஒக்கிட்டோ ஆகிய தோழர்களோடு 1961 ஜனவரி 17 அன்று எலிசபெத்வில்லுக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். உடல்கள் பிறகு அமிலத்தில் கரைக்கப்பட்டன. உடலும் கல்லறையும் இல்லாத ஒரு சாவை எப்படி வரைவது? சிபும்பா மூன்று உடல்களைத் தரையில் கிடத்தினார்; லுமும்பாவின் விலாவில் காயம்; தொலைவில் மூன்று சிலுவைகள். லுமும்பாவைத் தன் நாட்டின் ஏசுவாகவே கண்டதாக அவர் ஒளிக்காமல் சொன்னார்.

இந்தப் படத்தைப் பக்தி என்று மட்டும் படிப்பது குறைவான வாசிப்பு. 1966இல் மொபுட்டு லுமும்பாவைத் தேசிய வீரராக அறிவித்திருந்தார். லுமும்பாவைக் கைது செய்து, கட்டாங்காவில் இருந்த எதிரிகளிடம் அனுப்பியதில் மொபுட்டுவின் படைக்குப் பங்கு இருந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆகவே லுமும்பாவின் பெயரைச் சொல்வது குற்றமில்லை, ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்று சொல்வது ஆபத்து. சிலுவைக் கதைக்குள் அந்தச் சாவை வைத்தவுடன், காட்டிக்கொடுத்தவன் யார், கைகழுவியவன் யார் என்ற கேள்விகள் தாமாகவே எழுகின்றன. அந்தக் கதையை அறியாத வீடு லுபும்பாஷியில் அரிது. ஓவியர் எவர் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

இதே வழியில் பத்தாண்டுகளுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் ஓர் இளைஞர் போயிருந்தார். 1962இல் கேப்டவுனில் ரொனால்டு ஹாரிசன் 'கறுப்புக் கிறிஸ்து' என்ற படத்தை வரைந்தார். சிலுவையில் இருந்தவர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி. ரோமானியச் சிப்பாய்களுக்குப் பிரதமர் வெர்வூர்டின் முகமும் நீதித்துறை அமைச்சர் வோர்ஸ்டரின் முகமும் இருந்தன. அரசு படத்தைத் தடைசெய்தது, ஹாரிசனைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. படம் ரகசியமாக இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்டு 1997இல்தான் நாடு திரும்பியது. இரண்டு ஓவியர்களும் ஒரே விவிலியக் காட்சியை எடுத்தார்கள். ஹாரிசன் கொலைகாரர்களுக்கு முகம் கொடுத்தார், சிபும்பா கொடுக்கவில்லை. ஹாரிசனின் படம் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் வைக்கப்பட்டது. உலகுக்குச் சாட்சி சொல்லும் படம் அது, முகங்கள் இல்லாவிட்டால் சாட்சி நிற்காது. சிபும்பாவின் படவகை வீடுகளுக்குள் பிழைத்திருந்து, அடுத்த தலைமுறைக்குப் பேச்சைத் தூண்ட வேண்டியிருந்தது. எது துணிச்சலானது என்று தராசு பிடிப்பதைவிட, எங்கே, யாருக்காகத் தொங்கியது என்று பார்ப்பதே இந்த ஓவியங்களுக்கு நியாயம் செய்யும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். சிபும்பாவின் வரலாற்றுத் தொடர் ஒரு வெளிநாட்டு ஆய்வாளருக்காக, அவர் கொடுத்த பணத்துக்காக வரையப்பட்டது. அந்த நூறு படங்களும் எந்தத் தொழிலாளியின் சுவரிலும் தொங்கவில்லை. அப்படியானால் அதை மக்கள் ஓவியம் என்று எப்படி அழைப்பது? மறுப்பில் பாதி உண்மை. ஃபேபியன் இல்லாவிட்டால் தொடர் முழுமையடைந்திருக்காது. அவரே தன் பங்கை மறைக்காமல் நூலில் விவாதிக்கிறார். ஆனால் திட்டம் சிபும்பாவுடையது. தொடரில் உள்ள லுமும்பா காட்சிகளையும் சாட்டைக் காட்சிகளையும் அவர் ஊருக்குள் வேறு பலருக்கும் வரைந்து விற்றிருந்தார். வரலாற்றாசிரியரான போகுமில் யெவ்செவிட்ஸ்கி காங்கோவில் பல ஆண்டுகள் திரட்டிய பெருந்தொகுப்பில் பல ஓவியர்கள் வரைந்த லுமும்பாக்கள் இருக்கிறார்கள். 1999இல் நியூயார்க்கில் அவற்றுக்கெனவே ஒரு கண்காட்சி நடந்தது. சிபும்பா அந்தப் பொதுச் சொத்திலிருந்து எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரு நூலாகக் கட்டினார். நூல் வெளிநாட்டுக்குப் போனது. அதன் வாக்கியங்கள் ஊருக்குள் புழங்கியவை.

1980களின் தொடக்கத்துக்குப் பிறகு சிபும்பாவைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. 1974க்குப் பின் செப்பு விலை சரிந்தது, சம்பளங்கள் தேய்ந்தன, முன்னறைக்குப் படம் வாங்கும் வழக்கமும் அவற்றோடு தேய்ந்தது. விமர்சனம் செய்யும் கலைக்கு வாசகர் மட்டும் போதாது, மாதச் சம்பளம் வாங்கும் வாசகர் வேண்டும் என்பதைக் கட்டாங்காவின் இந்தச் சரிவு காட்டுகிறது.

தலைநகர் கின்ஷாசாவில் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே ஓவியத்தின் இடம் தெரு. ஷேரி சாம்பா 1956இல் பிறந்து, 1972இல் கின்ஷாசாவுக்கு வந்து, விளம்பரப் பலகை எழுதுபவர்களிடம் தொழில் கற்று, 1975இல் சொந்தப் பட்டறை திறந்தார். படக்கதையும் வரைந்தார். மக்கள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிடுகிறார்கள், எழுத்து இருந்தால் நின்று படிக்கிறார்கள் என்று கவனித்து, படத்துக்குள் பிரெஞ்சிலும் லிங்காலாவிலும் எழுத ஆரம்பித்தார். அவரைவிட மூத்தவரான மோகே தன்னை ஓவியச் செய்தியாளர் என்று அழைத்துக்கொண்டவர். போடோ, ஷேரி ஷேரின் போன்றவர்களும் இருந்தார்கள். 1978இல் கின்ஷாசா நுண்கலைக் கழகத்தில் நடந்த 'ஆர் பார்த்தூ' கண்காட்சி இந்தத் தெரு ஓவியர்களை முதன்முறையாகக் கழகச் சுவருக்குள் கொண்டுவந்தது.

லுபும்பாஷியில் பேச்சு படத்துக்கு வெளியே இருந்தது. சாம்பா அதைப் படத்துக்குள் இழுத்துவந்தார். இதனால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன? கிடைத்தது, கூட்டம். தெருவில் நின்று ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சிரிக்க, மூன்றாமவர் மறுக்க, ஒரு விவாதம் அங்கேயே நடக்கும். 1988இல் வரைந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊர்வலப் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொதுவெளியில் பேசக் கூச்சப்பட்ட ஒன்றைத் தெருவின் பேச்சாக்கியது. இழந்தது, மௌனத்தின் காப்பு. எழுதிவிட்டால் மறுக்க முடியாது. அதனால்தான் மொபுட்டு காலத்துச் சாம்பாவிடம் குடும்பம், காதல், ஏமாற்று, நகர ஒழுக்கம் ஆகியவை பற்றிய கூர்மை அதிகம், ஆட்சியைப் பற்றிய நேரடிச் சொல் குறைவு.

1989இல் பாரிசில் ழான்-உபேர் மார்த்தன் நடத்திய 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சி சாம்பாவை உலகக் கலைச் சந்தைக்குக் கொண்டுசென்றது. அதன்பின் அவருடைய வாங்குநர் ழான் பிகோசி போன்ற சேகரிப்பாளர்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களும். படங்கள் பெரிதாயின, மினுமினுப்பு கூடியது, ஓவியரே படத்தின் நடுவில் வந்து நின்றார். இதைச் சிலர் தெருவுக்குச் செய்த துரோகம் என்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1997இல் வரைந்த 'நம் கலைக்கு என்ன எதிர்காலம்?' என்ற மூன்று பகுதிப் படத்தில் சாம்பா பிக்காசோவை அழைத்துவந்து, ஆப்பிரிக்க முகமூடிகளுக்கு அருகில் உட்காரவைத்து, ஐரோப்பிய நவீனக் கலை அருங்காட்சியகம் யாரை உள்ளே விடுகிறது என்று கேட்டார். 2004இன் 'லிட்டில் கடோகோ' காங்கோப் போர்களில் துப்பாக்கி ஏந்தவைக்கப்பட்ட சிறுவனைப் பார்வையாளரின் நேரே நிறுத்துகிறது. 2011இன் உலக வரைபடம் தெற்கை மேலே வைக்கிறது. வாங்குபவர் மாறியபோது கேள்வி யாரை நோக்கி வீசப்பட வேண்டும் என்பதை அவர் மாற்றினார். பாரிஸ்காரரிடம் பாரிஸைப் பற்றிக் கேட்டார். கின்ஷாசாவின் வழிப்போக்கர் இந்த உரையாடலில் இல்லை என்பதும் உண்மை. அந்த இழப்பு பெரியது.

எல்லா மறைப்பும் நீக்கி நேரடியாக வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்பாப்வே விடை சொல்கிறது. 1980களில் மாத்தபேலேலாந்தில் அரசுப் படைகள் நடத்திய குக்குராஹுண்டி படுகொலைகளைப் பற்றி ஓவியர் ஓவன் மசேகோ 2010 மார்ச்சில் புலவாயோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். மறுநாளே அவர் கைது செய்யப்பட்டார். கண்காட்சி மூடப்பட்டு, உள்ளே தெரியாதபடி சன்னல்கள் செய்தித்தாளால் அடைக்கப்பட்டன. நாற்பதாண்டுகளுக்கு முன் லுபும்பாஷி ஓவியர்கள் தலைப்பில் 'பெல்ஜிய' என்று எழுதியதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இந்தச் சன்னல்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிபும்பாவின் தொடர் இன்று ஆம்ஸ்டர்டாமில், முன்பு ட்ரோப்பன் என்று அழைக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யெவ்செவிட்ஸ்கியின் தொகுப்பு பெல்ஜியத்தின் தெர்வூரனுக்கு, இரண்டாம் லியோபோல்டு கட்டத் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கே, போய்ச் சேர்ந்தது. 2016இல் அதிலிருந்து பிரஸ்ஸல்ஸில் ஒரு பெரிய கண்காட்சி வைத்தவர்களில் ஒருவர் லுபும்பாஷியில் பிறந்த கலைஞர் சாமி பலோஜி. 2022 ஜூனில், லுமும்பாவின் உடலில் எஞ்சியதாகச் சொல்லப்பட்ட ஒரே பல்லைப் பெல்ஜிய அரசு அவருடைய குடும்பத்திடம் ஒப்படைத்தது. அந்தப் பல் திரும்பக் கிடைப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, மாவுச் சாக்கில் சிபும்பா அந்த மனிதருக்கு ஓர் உடலும் ஒரு சாவும் கொடுத்துவிட்டிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஓவியங்களைக் 'கள்ளமற்ற கலை' என்ற தலைப்பின்கீழ் வைக்கும் பட்டியல்கள் வருகின்றன. தணிக்கையைத் தாண்டிச் செல்லும் வழியைத் தலைப்பிலிருந்து கொடிக்கம்பம்வரை திட்டமிட்டு அமைத்த ஒரு கலையை அப்படி அழைப்பது பிழை. ஃபேபியன் பதிவுசெய்த சிபும்பாவின் சுவாஹிலிப் பேச்சு எழுத்து வடிவில் இருக்கிறது, படிக்கவும் கிடைக்கிறது. இந்தப் படங்களைக் காட்டும் எந்தக் கூடமும் அந்தப் பேச்சையும் அருகில் வைக்க வேண்டும்; படமும் பேச்சும் சேர்ந்த முழுப் படியொன்று லுபும்பாஷியின் தேசிய அருங்காட்சியகத்திலும், அந்நகரப் பள்ளிப் பிள்ளைகள் சென்று பார்க்கும் இடத்தில், நிலையாக இருக்க வேண்டும்.